கலசத்தைப் பார்த்து நின்ற கிடாரி

பாம்பூஃப்ளாட்,
ஆடி அமாவாசைக்கு மறுநாள்.

அன்புள்ள மகள் சங்கவிக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் சௌகரியமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது, அதை நலக்குறைவில் சேர்க்க வேண்டாம். நீ அந்த நியூசிலாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் காகிதத்தை எடுத்திருக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோன் அம்மாவிடமிருந்து என் கைக்கு வருவதற்குள் உனக்கு அங்கே தூங்கும் நேரம் ஆகிவிடுகிறது, மிச்சமிருக்கும் நேரத்தில் நான் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், நீ ம் என்கிறாய், நானும் ம் என்று வைத்துவிடுகிறேன். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. வேலாயியின் செவலைக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தேறிவிட்டது என்று அம்மா உன்னிடம் சொன்னாள், அது பாதி விஷயம்கூட இல்லை. அவள் ஏன் அதோடு நிறுத்திக்கொண்டாள் என்பதையும் எழுதுகிறேன், எழுதச் சொன்னவளும் அவளேதான். இன்னொரு காரணமும் உண்டு. உன் பெயரைச் சொல்லி, ஒரு கூட்டத்துக்கு முன்னால், மைக்கில் சில விஷயங்கள் பேசிவிட்டேன். நான் பொதுப்பணித் துறையில் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன், மாட்டின் வயிற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும். அதில் பிசகு ஏதாவது இருந்தால் நீ தாட்சண்யம் பார்க்காமல் திருத்தி எழுத வேண்டும், நான் அதே இடத்தில் நின்று திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

வேலாயியை உனக்கு நினைவிருக்கும், கோயிலுக்குப் பின்னால் சரிவில் தகர வீட்டில் இருப்பவள், நீ பள்ளிக்கூடம் போன நாளில் நமக்குப் பால் ஊற்றியவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்கு வந்த குடும்பம், சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவளுடைய பழைய பசு போன வருஷத்தோடு வற்றிவிட்டது. அதன் கன்றுதான் செவலை, இப்போது வளர்ந்து முதல் சினையாக நிற்கிறது. அது கன்று போட்டால்தான் வேலாயி மறுபடி படகு ஜெட்டி டீக்கடைக்குப் பால் ஊற்ற முடியும், அதுவரை இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வைகாசியில் நம் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது உனக்குத் தெரியும், அம்மா அத்தனை படமும் அனுப்பினாளே. அதன் பிறகு மண்டல பூஜை முடிகிறவரை தினமும் விடியற்காலையில் கோபூஜை வேண்டும் என்று குருக்கள் சொல்ல, கமிட்டி செயலாளர் ஒச்சப்பன் வேலாயியிடம் செவலையைக் கேட்டார். ஒச்சப்பன் கான்ட்ராக்டர், நல்ல மனிதர், அவர் இங்கே பேசினால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சாத்தம் ஜெட்டியில் கேட்கும். வேலாயிக்கு அது பெரிய கௌரவம். சரிவில் நாள் முழுக்கத் தன்னிஷ்டத்துக்கு மேய்ந்துகொண்டிருந்த கிடாரியைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மணி கட்டி, கோயில் மதில் ஓரம் புதிதாகப் போட்ட கொட்டகையில் கட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அது வாயை மூடிய நேரம் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போனார்கள், வாழைப்பழம், வெல்லம் பிசைந்த அரிசி, கேசரி, மிஞ்சின சர்க்கரைப் பொங்கல். மெயின்லாண்டிலிருந்து தவிடும் பிண்ணாக்கும் ஏற்றிக்கொண்டு வர வேண்டிய கப்பல் கடல் சரியில்லை என்று தள்ளிக்கொண்டே போனதில் ஒருவருக்கும் கவலை வரவில்லை. புல் அறுத்துப் போட வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் தின்றுகொண்டே இருக்கிறதே. என்ன மினுமினுப்பு பார் என்று பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். நடுவில் விடாமல் மழை பெய்து பக்தர்கள் யாருமே வராத ஒரு நாளில் அண்டா நிறையப் பொங்கல் மிஞ்ச, அதையும் அப்படியே அதன் முன்னால் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் கோயிலுக்குப் போனபோது ஒரே கூட்டம். செவலை எதையும் தின்னாமல், கழுத்தை நிமிர்த்தி, முகத்தை மேலே தூக்கி, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அது நின்ற திசையில் புதுக் கோபுரமும் கலசமும் இருந்தன. சொல்ல வேண்டுமா, பசு கலசத்தைத் தரிசனம் பண்ணுகிறது என்று ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒருத்தர் கற்பூரம் காட்டினார், ஒச்சப்பன் படம் எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டு, பாருங்க சார், நம்ம கோயில் சக்தியைப் பாருங்க, மிருகத்துக்கே தெரியுது என்று என் தோளைத் தட்டினார். வேலாயி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், அது சந்தோஷக் கண்ணீர். நான் அதன் கண்ணைப் பார்த்தேன். கற்பூரத்தை அவ்வளவு கிட்டே காட்டியும் அந்த மாடு கண்ணைச் சிமிட்டவில்லை.

இந்த இடத்தில் உன் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ செம்மறி ஆடு வளர்க்கிறவர்கள் முன்னால், ஆடுகள் சுற்றி நிற்க, ரப்பர் பூட்ஸோடு, காற்றில் முடி பறக்க நின்று பேசின வீடியோவை அனுப்பியிருந்தாய் அல்லவா. பார்த்தேன், நன்றாக இருந்தது என்று மட்டும் பதில் போட்டேன். உண்மையில் அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் உன் முகத்தை மட்டும் பார்த்தேன், அப்புறம் பார்க்கும்போதுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன, அதற்கும் அப்புறம்தான் அர்த்தம் பிடிபட்டது. ஆடு புல்லைத் தனக்காகத் தின்பதில்லை, வயிற்றுக்குள் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு ஊட்டுகிறது, அவை திருப்பி ஆட்டுக்கு ஊட்டுகின்றன என்று நீ ஆரம்பித்தாய். நாம் பி வைட்டமின்களைச் சாப்பாட்டில் தேட வேண்டியிருக்கிறது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதை அந்த நுண்ணுயிர்களே உள்ளே உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. மண்ணில் கோபால்ட் என்கிற உலோகம் இத்தனூண்டு குறைந்தாலும் அவற்றால் பி12 செய்ய முடியாது, வயிறு முட்டப் புல் தின்றும் குட்டிகள் எலும்பும் தோலுமாகப் போகும் என்று சொல்லி, உன் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கினாய். கடைசியில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எழுந்து, எங்கள் குட்டி ஒன்று குருடாகி வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டார். நீ உடனே பதில் சொல்லவில்லை, சமீபத்தில் அதற்குத் தீனியை மாற்றினீர்களா என்று கேட்டாய். தானியமும் சர்க்கரையும் அதிகமாகி நார் குறைந்தால் உள்ளே புளிப்பு ஏறி, நல்ல நுண்ணுயிர்கள் ஒடுங்கி, பி1 என்கிற தையமினை அழிக்கிற வேறு ஜாதி பெருகிவிடும், தையமின் இல்லாவிட்டால் மூளைக்குச் சர்க்கரையை எரிக்க வழியில்லை, அதனால்தான் அந்தப் பார்வையும் அந்த நிலையும், கண்ணில் கோளாறே கிடையாது என்றாய். அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார் பார், அந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்தித் திரும்ப வைத்துப் பார்ப்பேன்.

ஆகவே கற்பூர வெளிச்சத்தில் அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு உன் குரல்தான் கேட்டது. ஆனால் என் சுபாவம் உனக்குத் தெரியும். நாம் நினைப்பது தப்பாக இருந்தால் என்ன செய்வது, ஊரே சாமி என்று கும்பிடுகிறதை நோய் என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து உனக்கு வாட்ஸப்பில் எழுதினேன். நீ மலைப்பக்கம் பண்ணைகளுக்குப் போயிருந்த வாரம் அது, ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது, நீ திரும்பி வந்து கேட்டபோதுதான் அம்மா தேறிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டாள். மறுநாள் காலை கோபூஜைக்கு அவிழ்த்துக்கொண்டு வரும்போது செவலை கோயில் முன்னால் இருக்கிற சாக்கடைக்குள் தடுமாறி விழுந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள், நேராகப் போய் மதிலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது, இழுத்தாலும் வரவில்லை, பல்லை நறநறவென்று கடித்தது. அவ்வளவுதான், நேற்று தரிசனம் பண்ணின பசு இன்றைக்கு அபசகுனம் ஆகிவிட்டது. மெயின்லாண்டிலிருந்து புதிதாக வந்திருக்கிற ஒரு பையன் இது வெறிநாய் கடித்ததுதான் என்றான், இந்தத் தீவில் அந்த நோயே கிடையாதுடா என்று எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள். கண் போன சினை மாடு கோயில் வாசலில் விழுந்து செத்துப் போனால் பண்ணின கும்பாபிஷேகத்துக்கே தோஷம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒச்சப்பன் ஃபோனை எடுத்தார், மாடு வாங்குகிற ஆள் ஒருவரைத் தெரியும், மறுநாள் காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று முடிவு செய்துவிட்டார். வேலாயி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து, நேத்து கும்புட்டாங்களே சார், நேத்துத்தானே கும்புட்டாங்க என்று மட்டும் கேட்டாள்.

ஒரு நாள் பொறுக்கலாமே என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எனக்கே யாரோ பேசியதுபோல் இருந்தது. ஒச்சப்பன் திரும்பி, எதுக்கு சார், நீங்க பிளான் போட்டுக் குடுக்கப் போறீங்களா என்றார், நாலு பேர் சிரித்தார்கள். இது தீனியால் வருகிற நோய், ஊசி போட்டால் தேறும் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள் என்றேன். அது ஆட்டு டாக்டர் சார், இது மாடு என்றார். உன்னை ஆட்டு டாக்டர் என்று இந்தத் தெருவில் சொல்வது எனக்குப் புதிதில்லை, வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு, வயிறு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒச்சப்பன் என்றேன். அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். சரி, வண்டியை நாளை சாயங்காலத்துக்கு வரச் சொல்றேன், நடுவுல செத்துச்சுன்னா பொறுப்பு யாரு என்றார். நான் என்றேன். என் பெயர் கெட்டால் பரவாயில்லை, அந்தப் பெயருக்கு இந்தத் தெருவோடு சரி. உன் பெயரை நடுவில் இழுத்துவிட்டேனே என்றுதான் படகில் ஏறுகிறவரை தவித்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்யலாம்தான், ஆனால் ஃபோனில் நான் சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது, அதனால் நேரிலேயே போனேன். சாத்தம் ஜெட்டியில் இறங்கினதும் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றேன், திரும்புகிற படகு புறப்பட்டுவிட்டிருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. அங்கே இருந்தவர் பிஸ்வாஸ் என்று ஒரு இளம் டாக்டர், வடக்கே திக்லிபூர் பக்கத்து வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை, இந்த ஊர் ஹிந்தியில் கலகலவென்று பேசுகிறார். நான் தையமின், பி1 என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. டாக்டருக்கு வியாதியின் பெயரை நாம் சொல்லக் கூடாது என்று தோன்றியது. என்றைக்குக் கட்டினார்கள், அதற்கு முன்னால் என்ன தின்றது, கட்டின பிறகு என்ன தின்றது, அண்டாப் பொங்கல் எப்போது, தலையைத் தூக்கினது எப்போது, விழுந்தது எப்போது என்று வரிசையாகச் சொன்னேன், நமக்குத் தெரிந்தது அதுதானே. அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, அங்கிள், எல்லோரும் வந்து மாட்டுக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்பார்கள், மாடு என்ன தின்றது என்று நான் கேட்டால் புல்தான் என்பார்கள், நீங்கள் கேட்காமலே சொல்கிறீர்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்றார். அப்போதுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன், நீ எந்த ஊரில் என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று. வார்த்தை கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது, மன்னித்துக்கொள். அவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார், கும்பாபிஷேகத்துக்குப் பெயின்ட் அடித்தார்களே, டப்பா எதையாவது நக்கியிருக்குமா, ஈயம் உள்ளே போனாலும் இதே மாதிரி குருடாகும் என்றார். அதை நீ சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தேன், டப்பாக்கள் எல்லாம் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கின்றன, கொட்டகைப் பக்கம் பழைய பேட்டரியும் கிடையாது என்றேன். எதுவானாலும் முதலில் போட வேண்டிய ஊசி தையமின்தான், சலியே, போகலாம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு, வண்டி ஏற்றுகிற படகிலேயே என்னோடு வந்துவிட்டார்.

அவர் டார்ச் அடித்தபோது செவலையின் கண்மணி சுருங்கியது, ஆனால் கையை நீட்டினால் சிமிட்டவில்லை. பாருங்கள், கண் தன் வேலையைச் செய்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டிய மூளைதான் பட்டினி கிடக்கிறது என்று ஹிந்தியில் சொன்னார். நீ சொன்ன அதே விஷயம், வேறு பாஷையில், நம் தெருவில். கழுத்து நரம்பில் தையமினை மெதுவாக ஏற்றினார், மூளை வீக்கத்துக்கு ஒன்று, வயிற்றுப் புளிப்புக்கு ஒன்று, பிறகு விட்டு விட்டுப் போட வேண்டிய ஊசிகளுக்கு இங்கே இருக்கிற கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு, இனி வைக்கோலும் புல்லும் தவிர ஒரு பருக்கை அதன் வாய்க்குப் போகக் கூடாது என்று ஒச்சப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒச்சப்பன், அரே டாக்டர் சாப், நான் எங்க குடுத்தேன், ஊரே குடுத்துச்சு என்றார். யார் யார் என்னென்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அவ்வளவு கூட்டமும் தரையைப் பார்த்தது. அம்மாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள், தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு தூக்கு நிறையப் பொங்கல் நான்தான் கொண்டுபோய் ஊட்டினேன், வேண்டுதல், சங்கவிக்கு அந்த ஊரில் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று மண்டலம் முழுக்கப் பசுவுக்குச் செய்வதாக நேர்ந்துகொண்டேன், மழை நாளில் அந்த அண்டாவை நகர்த்திப் போட்டவளும் நான்தான், அவளுக்காகப் போட்டது அந்த வாயில்லா ஜீவனை இப்படிப் பண்ணிவிட்டதே என்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்தத் தூக்கு எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். அவள் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். இதைத்தான் உன்னிடம் ஃபோனில் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டாள். நீ அவளை ஒன்றும் கேட்காதே, கண்ணு. நீ ஒரு வார்த்தை கேட்டாலும் அது அவளுக்குள் பெரிதாக இறங்கும்.

மறுநாள் விடிந்ததும் போனேன். செவலை மதிலை விட்டு விலகி, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது, தண்ணீர் குடித்தது என்று வேலாயி சொன்னாள். மத்தியானம் வைக்கோலை முகர்ந்து ஒரு வாய் இழுத்தது. சாயங்காலம் அது அசைபோட ஆரம்பித்ததும் வேலாயி ஓடி வந்து, சார், மெல்லுது சார், மெல்லுது என்று கத்தினதில் தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டி வந்தது, ஒச்சப்பனே போய்ப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார், எப்படிப் பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பார்வைதான் வரவில்லை. வருமா வராதா என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை, புல் முளைக்கக் காத்திருப்பதுபோல் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்றார். நான் தினமும் காலையில் போய் அதன் கண் முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். கை வீசுகிற காற்று பட்டாலே கண் சிமிட்டிவிடும், அதைப் பார்வை என்று நம்பி ஏமாறக் கூடாது என்று நீ அந்தப் பெரியவரிடம் சொன்னது ஞாபகம் வர, என் பழைய ஃபைலிலிருந்து ஒரு கண்ணாடித்தாளை எடுத்துப் போய் நடுவில் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், சார் மாட்டுக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார் என்று கேலி செய்தார்கள். ஒரு வாரமாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் இடது கண் சிமிட்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை, தற்செயலாக இருக்கலாமே. மறுநாளும் சிமிட்டியது, வலது கண்ணும். அப்போதுதான் வேலாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மண்டல பூஜை நிறைவு நாளில் ஒச்சப்பன் என்னைக் கேட்காமலே மைக்கில், இப்போது சங்கவியோட அப்பா நாலு வார்த்தை பேசுவார் என்று அறிவித்துவிட்டார். என் பெயரைச் சொல்லவில்லை பார், இத்தனை வருஷமாக ட்ராஃப்ட்ஸ்மேன் சார் என்றே கூப்பிட்டவர். தெலுங்குக்காரர்களும் வங்காளிகளும் இருந்ததால் தமிழும் ஹிந்தியுமாகப் பேசினேன். மாட்டுக்குள் ஒரு பெரிய சமையல்கட்டு இருக்கிறது, சமைக்கிறவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாதவர்கள், அவர்களுக்குப் புல்லும் வைக்கோலும் கொடுத்தால் பி வைட்டமின் அத்தனையும் செய்து போடுவார்கள், வெல்லத்தையும் சோற்றையும் கொட்டினால் அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், உள்ளே ரௌடிகள் புகுந்துவிடுவார்கள் என்றேன். ரௌடிகள் என்பது சரியான சொல்லா என்று நீதான் சொல்ல வேண்டும். பி12-க்குக் கோபால்ட் வேண்டும் என்பதையும் சொன்னேன், எவ்வளவு என்று ஒருத்தர் கேட்டார், டாக்டரைக் கேளுங்கள் என்றுவிட்டேன். அப்போ மாட்டுப் பொங்கலையும் எங்களுக்கே போட்டுருங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கினதும் முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, அப்படின்னா சாமி பிரசாதம் விஷம்னு சொல்றீங்களா என்று கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். கையிலிருந்த மைக் கீச்சென்று கத்தியது, எனக்கு வாய் கட்டிக்கொண்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். மைக் வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, விஷமில்லீங்க, நமக்குப் பண்ணின சாப்பாடு, அதை அதுக்குக் கொடுத்தது நம்ம தப்பு, எல்லாரையும்விட அதிகமாகக் கொடுத்தது நான்தான், என் பொண்ணுக்காகக் கொடுத்தேன், என் பொண்ணு படிச்ச படிப்புதான் அதைக் காப்பாத்துச்சு, இனிமே என் வேண்டுதலைப் புல்லாத்தான் செலுத்துவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அந்த முன்வரிசை அம்மாளே, நானும் தினம் கேசரி போட்டேன் மங்கை என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம் ஆளாளுக்கு, நான் பழம் போட்டேன், நான் வெல்லம் போட்டேன் என்று அவரவர் சொல்ல ஆரம்பித்து, டாக்டர் கேட்டபோது வராத பதில் அத்தனையும் வந்துவிட்டது. சங்கவி, உன்னை நினைத்துப் பெருமைப்படுவது எனக்குப் பழக்கமானதுதான், வெளியே சொல்ல வராது, அவ்வளவே. ஆனால் அன்றைக்கு உன் அம்மாவைப் பார்த்து நான் பட்ட பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னால் பேச முடியாமல் போனதற்கு முதல் தடவையாக நான் வருத்தப்படவில்லை.

ஒச்சப்பன் உன் வீடியோவை எல்லா குரூப்பிலும் போட்டு, நம்ம பாம்பூஃப்ளாட் பொண்ணு என்று எழுதியிருக்கிறார். படகில் டிக்கெட் கிழிக்கிறவர்கூட விசாரிக்கிறார். வேலாயி என் ஃபோனை வாங்கி முழுதும் பார்த்தாள், ஒரு வார்த்தை புரியாது அவளுக்கு. பார்த்து முடித்து, என்னா பேசுதுன்னு வெளங்கல சார், ஆனா அந்த ஆடு ஒன்னுகூட அதுக்குப் பயப்படலையே, அதான் படிப்பு என்றாள். உன் பல்கலைக்கழகத்தில் உனக்கு என்னென்ன சான்றிதழ் கொடுத்தார்களோ, இதையும் அவற்றோடு வைத்துக்கொள்.

நேற்று ஆடி அமாவாசை. அம்மா விடியற்காலையில் சரிவில் இறங்கி, நான் வேண்டாம், வழுக்கும் என்று சொல்லியும் கேட்காமல், தானே ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் பார்த்தால் இன்னும் பல பேர் கையில் புல்தான். செவலை இப்போது கொட்டகையில் இல்லை, வேலாயி பழையபடி அவிழ்த்து விட்டுவிட்டாள், சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அம்மா இந்தப் பக்கம் நின்றாள். கூப்பிடவில்லை, புல்லை ஆட்டவும் இல்லை, நானும் மூச்சுக் காட்டவில்லை, காற்றும் செவலை நின்ற பக்கமிருந்து எங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது, புல் வாசனை அதற்கு எட்டியிருக்காது, அதையும் கவனித்துக்கொண்டேன். செவலை தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தது. நேராக நடந்து வந்தது. சாக்கடை விளிம்பில் நின்று, தலையைக் குனிந்து அதைப் பார்த்தது, முன்காலை எடுத்து அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வைத்துத் தாண்டியது. அம்மா புல்கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு, நின்று பார்க்காதீங்க, போய் அவளுக்கு எழுதுங்க என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும், கையில் எடுத்த காரியம் கூடிவர, நாலு உயிருக்கு உதவியாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். அங்கே குட்டி போடுகிற காலம் நெருங்குகிறது என்றாய், ஈரக் காலோடு நிற்காதே, காலுறையை மாற்றிக்கொள். நான் மைக்கில் சொன்னதில் எது தப்பு என்பதை மறக்காமல் எழுது. அம்மா ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயித்துக்குள்ளேயே ஆள் உட்கார்ந்து சமைச்சுப் போடுது, உனக்கு உள்ளே யாரும் கிடையாது, ரொட்டியும் ஜாமுமா காலத்தை ஓட்டாம அடுப்பை மூட்டி ஒழுங்காச் சமைச்சுச் சாப்பிடு.

இப்படிக்கு,
சங்கவியின் அப்பா
கா. பக்தவத்சலம்